தொட்டிலுக்கு அருகே ஒரு தாய்



சென்ற ஆடித் திங்களில் ஒரு மாலை, இராசபாளையத்தில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே தலைப்பிள்ளை பிறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளையின் தந்தை நூற்பாலைத் தொழிலாளர். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவராதலால் உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தார். பேறுகாலம் தாய்வீட்டில் முடிந்து, மூன்றாம் மாதத்தில் மருமகளையும் பேரனையும் அழைத்து வந்திருந்தார்கள்.

கூடத்து மேசை நிறையப் பொருள்கள். இரண்டு பால்புட்டிகள், பிரிக்காத பால்மாவு டப்பா ஒன்று, பவுடர் டப்பாக்கள், குடைபோல் விரியும் கொசுவலை, கிலுகிலுப்பைகள். மூலையில், பிள்ளையை உட்கார வைத்து உருளவிடும் சக்கர வாக்கர் ஒன்றும் காத்திருந்தது. பாட்டியார் ஒவ்வொன்றையும் காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லாம் வாங்கிப் போட்டாச்சு, சாமி. ஆனா பிள்ளை இன்னும் குப்புற விழலை. எதிர்வீட்டுப் பிள்ளை இவனுக்குப் பத்து நாள் இளையது. அது விழுந்துருச்சு."

மருமகள் அடுப்படி நிலையருகே நின்றுகொண்டிருந்தார். நான் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தேன், பிறந்த எடை எவ்வளவு என்று கேட்டேன், திருமுழுக்கிற்கு நாள் குறித்தாயிற்றா என்று கேட்டேன், எழுந்தேன். வாசல்வரை வழியனுப்ப வந்த அந்தப் பெண், "பாதர், நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கி நாலு மாசமாகுது. இவனுக்கு ஏதும் குறை இருக்குமோன்னு நினைச்சா, கிடைக்கிற நேரத்திலேயும் தூக்கம் வரலை" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. "செபியுங்கள் அம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அரை மணி நேரம் அவ்வீட்டில் அமர்ந்திருந்தும், பிள்ளையைப் பற்றி மட்டுமே கேட்டேன்; பெற்றவளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இந்தக் குறை என்னுடையது. நம் இல்லங்கள் பலவற்றிற்கும் இது பொதுவாக இருக்கலாம் என்பதால் இத்திங்கள் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

தாயாகிப் பாடிய ஒருவர்

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். ஆடிப்பூரத் தேரோட்டக் காலமாதலால் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. ஊரை நெருங்கும்போது கோபுரம் தெரிந்தது. குருமடத்தில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர், "பிள்ளை வளர்ப்பைத் தமிழில் கற்க வேண்டுமானால் அந்த ஊர்க்காரரிடம்தான் போக வேண்டும்" என்று சொல்வார். அது நினைவுக்கு வந்தது.

வைணவ அன்பர்கள் பெரியாழ்வார் எனப் போற்றும் விட்டுசித்தரையே அவர் குறிப்பிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே இவ்வூரில் நந்தவனம் அமைத்து வாழ்ந்தவர் அவர். கண்ணனைக் குழந்தையாகக் கொண்டு, தாம் அசோதையாக நின்று அவர் பாடிய பாடல்கள் ஒரு தாயின் நாட்குறிப்பைப் போல் விரிகின்றன. பாதம் முதல் தலைமுடி வரை பிள்ளையைப் பார்த்து மகிழ்வது, தாலாட்டுவது, நிலவைக் காட்டுவது, செங்கீரை ஆடச் சொல்வது, கைகொட்டச் சொல்வது, தளர்நடை நடக்க வைப்பது, பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை எண்ணி மகிழ்வது, பால் குடிக்க அழைப்பது, காது குத்துவது, ஓடுகிற பிள்ளையைப் பிடித்துக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, பூச்சூட்டுவது, கண்ணேறு படாமல் காப்பிடுவது என ஒவ்வொன்றிற்கும் ஒரு பதிகம் பாடியிருக்கிறார்.

தாலாட்டுப் பதிகத்தில் சுவையான ஒரு பட்டியல் உண்டு. பிறந்த பிள்ளைக்குத் தேவர்கள் அனுப்பிய பரிசுகளை அங்கே அடுக்குகிறார். ஒருவர் மணிகள் பதித்த பொன் தொட்டில் அனுப்புகிறார். ஒருவர் இடுப்பில் கட்டும் அணி அனுப்புகிறார். இன்னொருவர் காலுக்குக் கிண்கிணி அனுப்புகிறார். உடம்பில் பூசிக் குளிப்பாட்ட நறுமணப் பொடியும் மஞ்சளும், கண்ணுக்கு மையும்கூட வருகின்றன. பொன்னையும் மணியையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், நம் வீட்டு மேசையில் இருந்தவைக்கும் இவற்றிற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிள்ளை பிறந்தால் பொருள் கொண்டு வந்து குவிப்பது நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. பெத்லகேமில் பிறந்த பாலனுக்கும் ஞானிகள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்தார்கள். தாயிடம் இருந்தவையோ பிள்ளையைச் சுற்றிய துணிகளும் ஒரு தீவனத் தொட்டியுமே.

பொருள் தருவது அன்பின் அடையாளம். அதைக் குறை கூறவில்லை. ஆனால் அப்பொருள்களை வாங்கிப் பயன்படுத்தும் கை தாயின் கை. அந்தக் கை ஓய்ந்துவிட்டால் பொன் தொட்டிலும் தானே ஆடாது.

மாதக் கணக்கும் மனக் கணக்கும்

இனிக் குப்புற விழாத பிள்ளையின் செய்திக்கு வருவோம். பிற்காலத்துப் பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் வகுத்தன. மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில், கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து அசையும் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் தளர்நடையிட்டு வரும் வருகை, பதினைந்தில் நிலவை அழைக்கும் அம்புலி, அதன்பின் பருவங்கள் ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஏற்ப வேறுபடும். மருத்துவர் இன்று தரும் அட்டவணைக்கு இக்கணக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்பது மாத அளவில் கைகொட்டுவதையும், ஓராண்டை ஒட்டி நடை பழகுவதையும் நம் முன்னோர் கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள். இயேசு பாலன் மீதும் இவ்வகையில் நூல் உண்டு. அருள் செல்லத்துரை இயற்றிய இயேசுபிரான் பிள்ளைத்தமிழ் 1985-இல் வெளிவந்தது.

ஆனால் பெரியாழ்வார் இந்த வரிசையில் பாடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய பாடல்களில் அம்புலி முன்னே வருகிறது. செங்கீரை அதற்குப் பின்னே வருகிறது. வரிசை வகுத்தவர்கள் இலக்கணப் புலவர்கள். பிள்ளையை மடியில் வைத்துப் பாடியவருக்கு அந்த வரிசை பெரிதாகத் தோன்றவில்லை.

இதையே இக்கால ஆய்வும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவுகளை 2006-இல் வெளியிட்டது. துணையின்றி உட்காருவது ஏறக்குறைய 4-ஆம் மாதத்திலிருந்து 9-ஆம் மாதத்திற்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். தானே நடப்பது 8-ஆம் மாதத்திலும் வரலாம். பதினேழரை மாதத்திலும் வரலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடக்கத் தொடங்கின. இவை அனைத்தும் நலமான குழந்தைகளே. ஆகவே எதிர்வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்தில் நடந்தது என்பதற்காக, பன்னிரண்டாம் மாதத்திலும் நடவாத நம் பிள்ளைக்குக் குறை இருப்பதாகக் கலங்க வேண்டியதில்லை. குப்புற விழுவதும் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதத்திற்குள் நிகழ்வது. நான்கு மாதத்தில் விழவில்லை என்பது குறையே அன்று.

அதற்காக எதையும் கவனியாது இருக்கலாகாது. மூன்று மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றாலும், ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை என்றாலும், பத்து மாதமாகியும் உட்காரவில்லை என்றாலும், பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றாலும், ஓசை கேட்டுத் திரும்பவில்லை என்றாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டுவிட்டது என்றால் சிறிதும் காலம் தாழ்த்தாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தைக் கணக்கிட வேண்டும். ஐயம் எழுந்தால் தடுப்பூசி போடும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்பதே போதும். அண்டை வீட்டாரிடம் ஒப்பிட்டுக் கேட்பதால் தாயின் உறக்கம் கெடுமேயன்றி வேறு பயன் இல்லை.

எது தேவை, எது தேவையில்லை

மேசைப் பொருள்களைப் பற்றியும் சில சொற்கள். முதல் ஆறு மாதம் பிள்ளைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். நம் ஊர்க் கோடையிலும் தண்ணீர்கூட வேண்டாம் என்று மருத்துவர் கூறுகின்றனர். பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி எறிவது, பிள்ளைக்கு முதலில் கிடைக்க வேண்டிய காப்பை எறிவதாகும். 'சேனை வைக்கிறோம்' என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதும், தெருவில் விற்கும் கழுதைப்பாலைப் புகட்டுவதும் வேண்டாம். ஓராண்டு நிறையும்வரை தேன் கூடவே கூடாது. 'பேர் சொல்லா மருந்து' எனப்படும் வசம்பைச் சுட்டு உரைத்து உள்ளுக்குக் கொடுப்பதையும் மருத்துவர் விலக்குகின்றனர். மூத்தோர் அன்பினாலேயே இவற்றைச் செய்தார்கள். அந்த அன்பு இருக்கட்டும், பழக்கத்தை மாற்றிக்கொள்வோம்.

பால்புட்டிக்கும் பால்மாவுக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தாய்க்கு உடல்நலமில்லை என்று மருத்துவரே வேறு பால் கொடுக்கச் சொன்னால், புட்டியை விடக் கொதிநீரில் சுத்தம் செய்த பாலாடையே நல்லது. கழுவ எளிதான பொருள். நம் பாட்டிமார் அறிந்த பொருள்.

உட்கார வைத்து உருளவிடும் வாக்கர் பிள்ளைக்கு நடை கற்பிப்பதில்லை. அடுப்பருகேயும் படிக்கட்டருகேயும் நொடியில் கொண்டுபோய் விடுகிறது. இந்தத் தீங்கைக் கண்டு கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் தச்சர் செய்யும் மர நடைவண்டி வேறு. அதில் பிள்ளை தன் காலில் நின்று, தன் பலத்தால் தள்ளுகிறது. தானாக எழுந்து நிற்கும் பருவத்தில் அதைக் கொடுத்து, பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் போதும்.

பழைய பருத்திச் சேலை, நாலைந்து மெல்லிய துணிகள், கொசுவலை, தடுப்பூசி அட்டை: உண்மையில் இன்றியமையாதவை இவ்வளவே. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் காயத்துணி எத்தனையோ ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் போகிறது. தறி முன் நிற்கும் நம் பெண்களுக்குத் துணியின் அருமை தெரியும். கண்ணைக் கவரும் கடைச் சரக்கெல்லாம் பிள்ளைக்குத் தேவையில்லை என்பதும் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

தாய்க்கு என்ன தேவை

பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒருமுறைக்கு அரை மணி என்று வைத்தாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் அதற்கே ஆகும். அதில் பாதி இரவில். இத்துடன் துணி துவைப்பதும் சமைப்பதும் அவள் பங்கென்றால் அவள் எப்போது உறங்குவாள்? பேறுகாலத்திற்குப் பின் பத்தியம் என்று உணவையும் தண்ணீரையும் குறைப்பது தவறு. பூண்டும், முருங்கைக் கீரையும், பால்சுறாவும் சமைத்துக் கொடுங்கள்; வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கொடுங்கள்; தாகம் தீரத் தண்ணீரும் கொடுங்கள்.

பிள்ளை பெற்ற முதல் இரு வாரங்களில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்க்கு இயல்பு. அது இரு வாரம் கடந்தும் நீடித்தால், உறங்க நேரம் கிடைத்தும் உறக்கம் வாராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே மனம் இல்லாவிட்டால், அது நோய். அவள் குணக்கேடு அன்று. வளரும் நாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தாய்க்குப் பேற்றுக்குப் பின் இத்தகைய மனநலக் குறைவு வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்கு மருத்துவம் உண்டு. செபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். அன்று வாசலில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுவே.

வேலைக்குச் செல்லும் தாய்க்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு என்று 1961-ஆம் ஆண்டுப் பேறுகால நலச் சட்டத்தில் 2017-இல் திருத்தம் செய்யப்பட்டது. தாய்ப்பால் மட்டும் தர வேண்டிய ஆறு மாதமும் இந்த 26 வாரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வீட்டோடு தறி ஓட்டும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் எட்டுவதில்லை. அங்கே விடுப்பு வழங்க வேண்டியவர்கள் குடும்பத்தாரே.

கோவிலிலும் நம் கடமை உண்டு. பிள்ளை அழுதால் தாயைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கிறோம். 2014-ஆம் ஆண்டு சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, பசித்தழும் பிள்ளைக்கு அங்கேயே தயங்காமல் பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் கூறினார் திருத்தந்தை பிரான்சிஸ். அவர் காட்டிய பரிவை நம் பங்குக் கோவில்களிலும் காட்டலாகாதா?

ஒரு செய்தி மட்டும் மீதி. விட்டுசித்தர் தம் நந்தவனத்தில் துளசிச் செடியருகே ஒரு பெண் மகவைக் கண்டெடுத்து, கோதை எனப் பெயரிட்டுத் தாமே வளர்த்தார் என்று வைணவ மரபு கூறுகிறது. தாயாகப் பாடியவர், ஒரு பிள்ளையை ஏந்தி வளர்த்த தந்தையாகவும் போற்றப்படுகிறார். ஆகவே, ஆண்மக்களே, பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் பெண்களின் வேலை என்று ஒதுங்க வேண்டாம்.

ஒரு வாரத்திற்குப் பின் நான் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றேன். இம்முறை முதலில் தாயை நலம் விசாரித்தேன். பிறகு பாட்டியாரிடமும் மகனிடமும் மேலே எழுதியவற்றை எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பாட்டியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். "எங்க காலத்துல எங்களையும் யாரும் கேட்கலை, சாமி" என்றார். பின்னர் மூவரும் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: பகல் உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் பிள்ளை பாட்டியிடம், இரவு ஷிப்டு இல்லாத வாரங்களில் பின்னிரவில் பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பது தந்தை. மருத்துவரிடமும் தாயை அழைத்துச் சென்றார்கள்.

ஆறாம் மாதத் தொடக்கத்தில் ஒரு நண்பகலில் பிள்ளை குப்புற விழுந்தான். அப்போது தாய் உள்ளே நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாராம். எழுப்பிக் காட்டலாமா என்று பாட்டியாருக்குக் கை துடித்ததாம். "எழுப்பலை, சாமி. நாளைக்கும் விழுவான்ல" என்று என்னிடம் சொன்னார்.

அன்பர்களே, உங்கள் தெருவிலும் ஒரு புதிய தாய் இருப்பாள். இத்திங்கள் அவள் வீட்டிற்குச் செல்லுங்கள். கையில் பொருள் இல்லாவிட்டாலும் தாழ்வில்லை. "பிள்ளை என்ன செய்கிறது?" என்று கேட்குமுன், "நீ சாப்பிட்டாயா, தாயி? உறங்கினாயா?" என்று கேளுங்கள். பிறகு பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.